சேன் பியேரில் காயாத இலைகள்

வாரைத் தளர்த்தி மேல்சட்டத்தைத் தூக்கியதுமே வேணிக்குத் தெரிந்துவிட்டது. கண்ணுக்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. வேகவைத்த கீரையின் வாசனை.

மேலே இருந்த நாலைந்து மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்து ஒதுக்கிவிட்டு, நடுவிலிருந்து ஒரு தாளைத் திறந்தாள். கறுப்பு. அடுத்தது. அதுவும் கறுப்பு. ஓடைக்கரையில் அவ்வளவு அழகாக நின்ற ஆர்க்கிட், தேயிலைச் சக்கை மாதிரி தாளோடு ஒட்டிக் கிடந்தது.

மூன்றாவது முறை.

காட்டில் பறித்த செடி கல்லூரி அலமாரியில் நூறு வருஷம் கெடாமல் இருக்க வேண்டுமானால், அதிலிருக்கும் தண்ணீரைச் சீக்கிரமாக வெளியேற்ற வேண்டும். செடியைச் செய்தித்தாள் மடிப்புக்குள் விரித்து வைப்பார்கள். மேலும் கீழும் மை ஒற்றும் தாள். இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து, தோல்வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். இறுக்குவது இலை சுருங்காமல் இருப்பதற்காக. ஒற்றுத்தாள் ஈரத்தை உறிஞ்சுவதற்காக. தண்ணீர் போகச் சுணங்கினால் இலையின் சாறே இலையைத் தின்னத் தொடங்கிவிடும். பச்சை கறுப்பாகும். பிறகு பூஞ்சை பிடிக்கும்.

இதே சட்டம், இதே வார், இதே கை. ஏற்காட்டில் காய்ந்தது. கொல்லிமலையில் காய்ந்தது. மொரீஷியஸ் தீவின் சேன் பியேரில், அவள் பிறந்து வளர்ந்த வீட்டில், காயமாட்டேன் என்கிறது. ஏன்?

"என்னட்டி, போச்சா?" கட்டிலில் படுத்தபடியே கேட்டாள் பங்கஜம். திருநெல்வேலிக்காரி. கல்லூரியில் வேணியின் அறைத்தோழி, இப்போது இந்த வீட்டில் விருந்தாளி.

"போச்சு."

"அடுப்புல வச்சுக் கடைஞ்ச மாதிரில்லா இருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன், புல்லும் பெரணியும் பறின்னு. அதுபாட்டுக்குக் காஞ்சிரும். நீதான் தண்ணிச் செடியாப் பாத்துப் பாத்துப் பறிச்ச."

"புல்லுக்கு யாரு மார்க் போடுவா?"

"எனக்கு மார்க் வேண்டாம்ட்டி. ஊர் போய்ச் சேர்ந்தாப் போதும்."

பங்கஜம் மட்டுமா? எட்டு மாணவர்களுக்கும் இப்போது அந்த ஒரே நினைப்புதான். மடகாஸ்கர் காட்டில் இரண்டு மாதம் செடி சேகரிக்கவென்று பேராசிரியர் நமசிவாயத்தோடு மதராஸிலிருந்து புறப்பட்டவர்கள். வழியில் போர்ட் லூயிஸில் கப்பல் இரண்டு நாள் நிற்கும் என்று பம்பாயில் சொன்னார்கள். நின்ற இடத்தில் பார்த்தால் கப்பலைத் தள்ளும் சுழலியின் தண்டில் விரிசல். எஞ்சினையும் சுழலியையும் இணைப்பது அந்தத் தண்டுதான். அது இல்லாவிட்டால் எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கப்பல் நகராது. புதுத் தண்டு டர்பனிலிருந்து வர வேண்டும். வருகிறது, வருகிறது என்றே ஐந்து வாரம் ஓடிவிட்டது. கோயில் சங்கத்தார் ஆளுக்கொரு வீடாக மாணவர்களைப் பிரித்து அனுப்பினார்கள். மடகாஸ்கரில் கழிக்க வேண்டிய நாட்கள் மொரீஷியஸ் வராந்தாக்களில் கழிந்தன.

வேணிக்கு வேறு வீடு தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாளில் ஊரைக் கடந்துவிடலாம், வீட்டுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்திருந்தவள், மூன்று வருஷத்துக்குப் பிறகு பெட்டியோடு வாசலில் வந்து நின்ற கதையைச் சென்ற வாரங்களில் பார்த்தோம்.

கடைசியில் பேராசிரியர் ஒரு முடிவுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை வேறொரு கப்பல் பம்பாய்க்குப் போகிறது. அதில் எல்லோரும் திரும்பிவிட வேண்டியது. இந்தத் தீவுச் செடிகளையே நல்லபடியாகக் காயவைத்துக் காட்டினால் களப்பணி முடிந்ததாக எழுதிவிடுவார். ஞாயிறு மாலை வீடு வீடாக வந்து பார்ப்பார். 'மழை பெய்தது' என்ற காரணத்தை ஏற்க மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். செடி இல்லாதவருக்கு இந்த வருஷம் கிடையாது. வேணியின் உதவித்தொகையோ இந்த வருஷத்தோடு முடிகிறது.

இன்று சனிக்கிழமை.

அறை இருட்டாக, வெந்நீர் வைத்த குளியலறை போல் புழுங்கியது. நேற்றுக் காலை போலீஸ் நிலையத்தில் முதல் சிவப்புக் கொடி ஏறியதுமே அப்பா எல்லா ஜன்னல்களையும் அடைத்துக் குறுக்கே கட்டை போட்டுவிட்டார். புயல் எங்கோ வடகிழக்கே கடலில் இருந்தது. வருமோ, வராதோ. கொடி ஏறினால் அடைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தீவில் யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை.

செடிக்கட்டு ஒரு முக்காலிமேல் படுத்துக் கிடந்தது. கீழே ரெஷோ, கரி போட்டு எரிக்கும் சின்ன இரும்பு அடுப்பு. நேற்று மாலை வேணி அதில் ஒரு கைப்பிடிக் கரிதான் போட்டாள். இப்போது சாம்பல் விளிம்புவரை நிரம்பியிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா மங்கம்மா எட்டிப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

"காஞ்சுதா, மோ டிஃபி?"

மகளே என்று அம்மா கூப்பிடுவது எப்போதும் க்ரியோலில்தான். அந்த வீட்டுப் பேச்சே க்ரியோல். தமிழ் சாமிக்கும் பண்டிகைக்கும் பங்கஜத்துக்கும்.

"ராத்திரி நீ இந்த அறைக்கு வந்தியாம்மா?"

"வந்தேன்."

"கரி போட்டியா?"

"போட்டேன். சூடு பத்தலைன்னு தோணிச்சு."

வேணிக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. ஐந்து வாரக் களைப்பும் சேர்ந்துகொண்டது. "எல்லாம் வெந்துபோச்சு. நான் இங்கயே இருந்துடணும்னுதானே செஞ்சே?"

 மங்கம்மா நெற்றியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பங்கஜத்தின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில், "தேநீர் ஆயிற்று. அமுது செய்ய எழுந்தருள வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பங்கஜம் எழுந்து உட்கார்ந்தாள். "உங்க அம்மா பேசினா எனக்குக் கைகூப்பத் தோணுதுட்டி. அவங்ககிட்டப் போயா இப்படிக் கேட்ட?"

வேணி கறுத்த தாள்களைக் குவித்துக்கொண்டே இருந்தாள்.

முன்கூடத்தில் அப்பா பழனியாண்டி ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பயணிகள் ரயில் ஓடிய காலத்தில் சேன் பியேர் நிலையத்துக்கு அவர்தான் அதிகாரி. ரயிலை நிறுத்திய பிறகு பஸ் கம்பெனியில் கணக்கர். கணக்கராகி எட்டு வருஷம் ஆகியும் சட்டையின் மேல்பொத்தானைப் போடாமல் வெளியே வரமாட்டார்.

"மூணாவது தடவையா?" என்றார்.

"ஆமாப்பா."

"கைகாட்டி மூணு தடவை விழலைன்னா வண்டியை அங்கேயே நிறுத்திடுவோம்."

"நிறுத்திட்டு, கைகாட்டியைச் சரிபண்ண ஆள் அனுப்ப மாட்டீங்களா?"

"அனுப்பினோம். எத்தனையோ தடவை அனுப்பினோம். கடைசியில ரயிலையே எடுத்துட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. ரொட்டித்துண்டு தேநீருக்குள் விழுந்தது. கரண்டியால் நிதானமாக எடுத்தார்.

"வேணி, நான் உன்னைத் தடுக்கலை. ஆனா பாரு. பள்ளிக்கூட மேலாளர் மிஸ்யே ஃப்ரான்சிஸ் தமிழ் டீச்சர் வேலையை உனக்காக நிறுத்தி வச்சிருக்கார். இன்னைக்குச் சாயங்காலம் பதில் சொல்றதா நான் வாக்குக் கொடுத்திருக்கேன். ரயில் வேலை சாகுறவரைக்கும்னு நினைச்சேன். போச்சு. இன்னும் கொஞ்ச வருஷத்துல சுதந்திரம்கிறாங்க. எந்த வேலை நிக்கும், எது போகும்னு யாருக்குத் தெரியும்? பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற வேலை போகாது."

"இன்னும் ஒரு வருஷத்துல நான் பெரிய வகுப்புக்கே பாடம் எடுக்கலாம்பா. தாவரவியல். இந்தத் தீவுல அந்தப் படிப்பு படிச்ச பொண்ணு யார் இருக்கா?"

"ஒரு வருஷம் எப்படி வரும்? நாளைக்கு உங்க பேராசிரியர் வந்து இந்தக் கறுப்பைப் பார்த்தா, இந்த வருஷமே இல்லைன்னு நீதானே சொன்னே?"

"நாளைக்கு வரைக்கும் பொறுங்கப்பா."

"இன்னைக்குப் பறிச்சதை நாளைக்குள்ள காயவைக்க முடியுமா?"

கொல்லிமலையில் ஐந்து நாள் ஆயிற்று. 

"பதில் சொல்ல நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன்" என்றார் பழனியாண்டி. தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மழை தூறலாகப் பெய்துகொண்டிருந்தது. வேணி கூடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். நாலு அடி போயிருப்பாள், பின்னால் செருப்புச் சத்தம். தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அம்மா வந்துகொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு? தலைவலின்னே."

"வீட்டுக்குள்ள இருந்தா இன்னும் வலிக்குது."

இரண்டு பேரும் கரும்புக்கு நடுவே போகும் மண்பாதையில் நடந்தார்கள். பிப்ரவரிக் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அதன் தோகைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. மோக்கா மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. ஓடைக்குப் போகும் இறக்கத்தில் மங்கம்மா மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடைக்கரையில் காட்டுக் காசித்தும்பை செழித்து நின்றது. சேம்பு, சீனக் கொய்யா, பாறையைப் பற்றிய கொடிகள். வேணி வேரோடு பிடுங்கி மண்ணை அலசினாள். அம்மா கூடையில் அடுக்கினாள். 

"காலையில கேட்டியே" என்றாள் மங்கம்மா, கூடையைப் பார்த்தபடி.

"விடும்மா. தப்பாக் கேட்டுட்டேன்."

"இல்லை, கேளு. நாலஞ்சு தடவை எழுந்தேன். தொட்டுப் பார்த்தேன், தாள் ஈரமா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் சூடு காட்டினா காஞ்சுடும், நீ போயிடலாம்னு நினைச்சேன். கரியைப் போட்டேன். மறுபடியும் ஈரம். மறுபடியும் போட்டேன்."

வேணியின் கை நின்றது.

"நான் போகணும்னா நினைச்சே? இங்க இருக்கணும்னு உனக்கு ஆசையில்லையா?"

"ஆசை இருக்கு. அது வேற." மங்கம்மா ஒரு சேம்பிலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையில் வைத்தாள். "மூணு வருஷம் முன்னாடி கப்பல்ல நீ ஏறினப்போ துறைமுகத்துல உங்க அப்பா என்ன பண்ணார் தெரியுமா? கப்பல் கண்ணுக்கு மறைஞ்ச பிறகும் நின்னார். நான் கூப்பிட்டேன். 'இரு, லைன் கிளியர் ஆகட்டும்'னார். அவரை நான் பார்த்துக்குறேன். நீ இதைப் பாரு."

வேணி முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். மழைதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது போலீஸ் நிலையத்தில் இரண்டாவது கொடி ஏறியிருந்தது. நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு இவெட் ஏணிமேல் நின்று ஜன்னலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு ஆணிகளைக் கவ்விக்கொண்டே, "மங்கம்மா, புயல் வருதுன்னு சாலட் பறிக்கப் போனியா?" என்று கத்தினாள்.

"எம்பொண்ணு படிப்புக்கு!" என்று அம்மாவும் கத்தினாள்.

"போன்டியே, கடவுளே! இலையா படிப்பு!"

வீட்டுக்குள் பங்கஜம் தரையில் உட்கார்ந்து, குவித்துப்போட்ட தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். செய்தித்தாளையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தாளாம்.

"வேணி, எல்லாம் போகலட்டி. ரெண்டு மூணு நல்லா இருக்கு. இந்தா பாரு."

காசித்தும்பை. தண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் செடி. அதுவே காய்ந்து, தட்டையாக, நல்ல பச்சையாக இருந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

"கட்டுல எல்லாத்துக்கும் மேல. நீ காலையில திறக்காமத் தள்ளிவிட்டேல்லா, அதுல. அடியில இருந்ததும் பரவால்ல. அதுக்கு அதிர்ஷ்டம்."

வேணி கூடையை இறக்கி வைத்தாள். குவியலில் கைவிட்டு, நடுவிலிருந்த மடிப்புகளைப் புரட்டினாள். அங்கேயும் ஒரு காசித்தும்பை வைத்திருந்தாள். கிடைத்தது. கறுப்பு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே செடி, ஒரே நாள் பறித்தது. ஒரே நெருப்பு. ஒரே தாள். வித்தியாசம் ஒன்றுதான்: ஒன்று ஓரத்தில் இருந்தது, இன்னொன்று நடுவில்.

"பங்கஜம், இட்லிப்பானையில துணி போட்டு மாவு ஊத்தி மூடினா என்ன ஆகும்?"

"பசிக்கும்போது ஏன் இதெல்லாம் கேக்க?"

"வேகும். அதே மாவைத் துணியில ஊத்தி வெயில்ல, காத்துல வச்சா?"

"வத்தல் ஆகும்."

"ரெண்டுக்கும் சூடு உண்டு. பானையில ஆவி வெளியே போக வழியில்லை, அதான் வேகுது. நான் இதுவரைக்கும் சூடு பத்தலை, சூடு பத்தலைன்னே நினைச்சேன். அம்மாவும் அதையேதான் நினைச்சாங்க." வேணி மரச்சட்டத்தைத் தூக்கிக் காட்டினாள். குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் அடித்தது, இடையில் திறப்புகள். "மேல இருந்த செடிக்கு இந்த இடைவெளி. அதுவழியா ஆவி போயிடுச்சு. நடுவுல இருந்ததுக்கு மேலயும் ஈரத்தாள், கீழயும் ஈரத்தாள். சூடு ஏற ஏறத் தண்ணி ஆவியாச்சு. போக இடமில்லை. இலையை அவிச்சிடுச்சு."

"ஏற்காட்டுல மட்டும் எப்படிக் காஞ்சுது?"

"அங்க வெளிக்காத்தே உலர்ந்த காத்து. தாளை மாத்தினோம், அந்தத் தாளும் காஞ்சுது. இங்க மாத்துற தாளே ஈரம். அறையையும் அடைச்சு வச்சிருக்கோம்."

"அப்ப எல்லாத்தையும் ஓரத்துல வைக்கணும்."

"ஒரு கட்டுக்கு ஓரம் ரெண்டுதானே இருக்கு."

இரண்டு பேரும் சட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தாள்களுக்கு நடுவே மூங்கில் குச்சிகளைப் பரப்பிப் பார்த்தார்கள். வாரை இறுக்கினால் குச்சியின் தடம் இலையில் பதிந்தது, ஓரிடத்தில் கிழித்தே விட்டது. தளர்த்தினால் இலை சுருண்டது. விளக்குமாற்று ஈர்க்கை வைத்தார்கள். அது நசுங்கிப் போனது. இடைவெளி வேண்டும், ஆனால் தட்டையாகவும் இருக்க வேண்டும். தட்டையாக இருக்கும் எதிலும் இடைவெளி இல்லை. பறித்து வந்த செடிகள் கூடையில் வாடத் தொடங்கின.

நாலு மணி பஸ் போகும் சத்தம் கேட்டது. அப்பா அதில்தான் போவார்.

பங்கஜம் ஈர்க்கைக் கீழே போட்டாள். "டீச்சர் வேலையும் மோசமில்லட்டி" என்றாள் மெதுவாக.  அதையேதான் வேணியும் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்கவே அலுப்பாக இருந்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பழனியாண்டி திரும்பினார். குடை வளைந்து போயிருந்தது. தோளில் ஓர் அட்டைப்பெட்டி. சேன் பியேர் முழுக்க இன்று சீனர் கடையில்தான் நின்றது. பெட்டிக்குள் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, மத்தி மீன் டின்கள். பெட்டியை மேசைமேல் இறக்கினார். மழையில் அதன் ஒரு மூலை ஊறி, மேல்தாள் உரிந்து தொங்கியது.

"மிஸ்யே ஃப்ரான்சிஸ்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று மங்கம்மா கேட்டாள்.

"முதல்ல டின்னை எடு. பெட்டி கிழியுது."

எடுக்கப்போன வேணி அப்படியே நின்றாள்.

மேல்தாள் உரிந்த இடத்தில், உள்ளே, இன்னொரு தாள் இருந்தது. அது நேராக இல்லை. சின்னச் சின்ன அலையாக மடிந்து மடிந்து ஓடியது. இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளிந்த தாள். பெட்டியின் காய்ந்த பக்கத்தில் ஒரு மடலைக் கிழித்து, அதன் ஓரத்தைக் கண்ணருகே வைத்து விளக்கைப் பார்த்தாள். வரிசையாகச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் விளக்கு தெரிந்தது.

"அப்பா, இந்தப் பெட்டி எனக்கு வேணும்."

"டின்னை எங்க வைக்கிறது?"

"என் தலைமேல வைங்க" என்றாள் மங்கம்மா. அதற்குள் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டிருந்தாள். "இது ஒண்ணு போதுமா?"

"போதாதும்மா."

"சீனர் கடைக்காரன் க்ளோட் இன்னும் கடையை மூடியிருக்க மாட்டான்." சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா இறங்கிவிட்டாள். திரும்பி வந்தபோது அவள் அக்குளில் மடித்த பெட்டிகள் இருந்தன. "பால் டின் பெட்டியாம், சோப்புப் பெட்டியாம். புயலுக்கு எதுக்கு அட்டைன்னு கேட்டான். சிரிச்சுட்டு வந்தேன்."

பங்கஜம் கத்தரிக்கோலால் அட்டைகளைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டினாள். வேணி அடுக்கினாள். அட்டை, ஒற்றுத்தாள், செடி, ஒற்றுத்தாள், மறுபடியும் அட்டை. அட்டை வளையாதது, அதனால் இலை தட்டையாக இருக்கும். அட்டைக்குள் துளை இருக்கிறது, அதனால் ஆவி போகும். இனி நடு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு செடியும் ஓரத்துச் செடி.

"வாரை இழுங்கப்பா. எனக்குப் பலம் பத்தலை."

பழனியாண்டி முழங்காலால் சட்டத்தை அழுத்தி வாரை இழுத்தார். செடிக்கட்டை வழக்கம்போலப் படுக்க வைக்கப் போனார்.

"படுக்க வேண்டாம். நிமிர்த்தணும். துளையெல்லாம் மேலும் கீழுமா இருக்கணும். சூடான காத்து மேலதானே போகும்? கீழ விளக்கு வச்சா ஒவ்வொரு துளையும் ஒரு புகைபோக்கி மாதிரி."

"கரி?"

"வேண்டவே வேண்டாம். அடைச்ச அறையில கரிப்புகைதான் அம்மாவுக்குத் தலைவலி. இனிமே அதைச் செய்யவே கூடாது. லாந்தர் போதும்."

இரண்டு முக்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டுச் செடிக்கட்டை நிறுத்தினார்கள். கீழே லாந்தர். சிறிது நேரத்தில் வேணி கட்டின் மேல் உள்ளங்கையைப் பிடித்தாள். வெதுவெதுப்பான, ஈரமான மூச்சு கையில் பட்டது. அம்மாவின் கையையும் பிடித்து அங்கே வைத்தாள்.

"வருது" என்றாள் மங்கம்மா.

"ஆனா அறைக்குள்ளேயே வருது. இதே ஈரக்காத்து மறுபடியும் கீழ வந்து உள்ள போகும்." வேணி அப்பாவைப் பார்த்தாள். "ஒரு ஜன்னலைத் திறக்கணும்பா."

"ரெண்டு கொடி ஏறியிருக்கு."

"தெரியும்பா."

"இந்த வீட்டுல கொடி ஏறின பிறகு ஜன்னல் திறந்ததில்லை."

கூரைத் தகரத்தில் மழை கனத்தது. பழனியாண்டி தலையைச் சாய்த்து, எங்கோ தூரத்தில் வரும் வண்டியைக் கேட்பதுபோல் காற்றைக் கேட்டார்.

"தென்கிழக்கு" என்றார். அறையின் மறுபக்கம் போய், வடமேற்கு ஜன்னலின் குறுக்குக் கட்டையை எடுத்தார். கதவை ஒரு சாண் திறந்து, ஆடாதபடி இடுக்கில் ஒரு மரத்துண்டை அடித்து இறுக்கினார். "காத்து திரும்பினா அடைச்சிடுவேன். நான் இங்கயே உக்கார்ந்திருக்கேன்."

நாற்காலியை இழுத்து ஜன்னலருகே போட்டுக்கொண்டார்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. கொடி ஒன்று இறங்கிவிட்டதாகத் தெருவில் இவெட் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பழனியாண்டி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார், சட்டையின் மேல்பொத்தானோடு.

வேணி வாரைத் தளர்த்தினாள். கீரை வாசனை இல்லை. வைக்கோல் வாசனை. மேலிருந்து தொடங்கவில்லை. நேராக நடுவில் கைவிட்டு ஒரு மடிப்பை எடுத்துத் திறந்தாள்.

காசித்தும்பை. பச்சை. பூவின் சிவப்புகூட மாறவில்லை. விரலால் தட்டினால் அப்பளம்போல் சலசலத்தது. தடித்த சேம்புத் தண்டுகள் மட்டும் இன்னும் வளைந்தன. சாயங்காலத்துக்குள் அவையும் காய்ந்துவிடும். அவற்றை மறுபடியும் உள்ளே வைக்கத் தனியே ஒதுக்கினாள்.

"எட்டி!" என்று பங்கஜம் போட்ட சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார்.

எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்னொரு தாளைத் திறக்கச் சொன்னார். இன்னும் ஒன்று. பிறகு, யாரும் கேட்காமலேயே, "நேத்து ஃப்ரான்சிஸ் வீட்டுக் கதவு அடைச்சிருந்துச்சு. ஜன்னல் வழியாப் பேசினார். நாளைக்குக் காலையில அவரே இங்க வர்றாராம், பதில் கேக்க" என்றார்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"சாயங்காலம் உன் பேராசிரியர் வரட்டும்." தாளைப் பத்திரமாக மூடினார். "இதை எப்படிச் செஞ்சே? முறையாச் சொல்லு. அவர் கேட்டா நானும் சொல்லணும்."

வேணி சொன்னாள். ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பக்கமும் ஒற்றுத்தாள், அதற்கு வெளியே உள்ளே நெளிந்த தாள் ஓடும் பெட்டி அட்டை. துளைகள் எல்லாம் ஒரே திசையில். கட்டைப் படுக்க வைக்காமல் நிமிர்த்த வேண்டும். கீழே சின்ன விளக்கு. ஈரக்காற்று வெளியே போக, காற்று அடிக்காத பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

நிலையத்துக்கு நிலையம் செய்தி அனுப்பிய காலத்தில், வாங்கியவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். பழனியாண்டி திருப்பிச் சொன்னார்.

"அட்டை ரெண்டு பக்கமும். துளை ஒரே திசை. கட்டு நிமிர்ந்து. கீழ சின்ன விளக்கு. காத்து அடிக்காத பக்கம் ஜன்னல் திறந்து."

"சரிதான்பா" என்றாள் வேணி.